மந்திரவாதி எங்கே நிற்க வேண்டும்? வளவு வீட்டில் ஒரு சண்டைப் பாடம்

புதிதாக மந்திரவாதியை எடுத்து ஆடுபவர்கள் முதல் சண்டையிலேயே விழுந்துவிட்டுப் பகடையைக் குறை சொல்வார்கள். நின்ற இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 6. உடல்திடம் +2 இருந்தால் 8. காப்ளின் என்ற குட்டி அரக்கனின் வாள்வீச்சு சராசரியாக 5 புள்ளியைத் தின்றுவிடும். இரண்டு வெட்டு விழுந்தால் கதை முடிந்தது. எனவே மந்திரப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் களத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

கணக்குகள் எல்லாம் 2014 விதிகளின்படி. அவற்றின் அடிப்படைத் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2024 திருத்தப் பதிப்பில் சில மந்திரங்கள் மாறியிருக்கின்றன. இந்தப் பாடத்துக்கு முக்கியமான மாற்றத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: களத்தைப் போடுங்கள்

தனியாக வரைபடம் வேண்டாம். காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றில் உட்கார இடம் கிடைத்தால் பட்டாலைக் கூடத்துத் தரையே போதும். ஆத்தங்குடிக் கல் சதுரம் சதுரமாகப் பதித்திருக்கும். ஒரு கல் 5 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழி நம் ஆட்கள், புளியங்கொட்டை எதிரிகள். பகடை மட்டும் வாங்கத்தான் வேண்டும். 20 முகப் பகடையின் வேலையைத் தாயக்கட்டை செய்யாது.

களமும் அதே மாதிரி வீடாகவே இருக்கட்டும். தெருவிலிருந்து ஏறினால் முகப்பு. நிலைக்கதவைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு புறமும் தேக்குத் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி, கடைசியாக அடுத்த தெருவில் திறக்கும் பின்கதவு. எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முகப்பில் நின்றால் பின்கதவு வரை பார்வை போகும். சண்டைக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது. நீண்ட பார்வைக்கோடு, குறுகிய வாசல், ஒளிந்துகொள்ளத் தூண், கூட்டம் சேர முற்றம் என்று மந்திரவாதி கற்க வேண்டிய அத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

படி 2: புத்தகத்தில் எதை எழுதுவது?

முதல் நிலையில் மந்திரப் புத்தகத்தில் 6 மந்திரங்கள். என் தேர்வு: ஸ்லீப், கிரீஸ், ஷீல்டு, மேஜிக் மிசைல், மேஜ் ஆர்மர், ஃபைண்ட் ஃபெமிலியர். அறிவு +3 என்றால் 4 மந்திரங்களைத் தயார் செய்யலாம். முதல் நான்கையும் தயார் செய்யுங்கள். ஃபைண்ட் ஃபெமிலியர் சடங்காகச் செய்யக்கூடியது, தயாரில் இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்ற அளவான ஸ்லாட்டும் செலவாகாது, 10 பொற்காசுக்குக் கரியும் சாம்பிராணியும் மூலிகையும் பித்தளைச் சட்டியில் எரித்தால் போதும். வரும் துணைவிலங்கு ஆந்தையாக இருப்பது நல்லது. பறந்து வந்து நண்பனுக்கு உதவிவிட்டு, அடி வாங்காமல் பறந்து போய்விடும். விளக்கு வைத்த நேரத்தில் ஆந்தைப் பேச்சு எதற்கு என்று அப்பத்தா முகம் சுளிக்கக்கூடும். வௌவாலுக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் அடிபடாமல் விலகும் அந்தத் திறமை அதற்குக் கிடையாது.

ஸ்லாட் செலவில்லாத கேன்ட்ரிப் என்ற சிறு மந்திரங்கள் மூன்று: தூரத்துக்கு ஃபயர் போல்ட், ஓடி வருபவனின் வேகத்தில் 10 அடி குறைக்க ரே ஆஃப் ஃப்ராஸ்ட், கைக்கெட்டும் தூரத்துக்கு ஷாக்கிங் கிராஸ்ப். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏன் தேவை என்பது படி 5இல் வரும்.

படி 3: நிற்கும் இடம்

"அண்ணே, கதவு நடுவில் நின்று நெருப்பு விடட்டுமா? அங்கிருந்து எல்லாரும் தெரிகிறார்கள்."

"எல்லாருக்கும் நீயும் தெரிவாய், தங்கச்சி. நிலைக்கதவுக்கு இடப்பக்கம் சுவரோடு ஒட்டி நில்."

புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, எல்லாருக்கும் சொல்ல வேண்டிய பதில். கதவுகள் நேர்கோட்டில் இருக்கும் வீட்டில் அந்தக் கோட்டின் மேல் நிற்கவே கூடாது. காப்ளினின் சிறு வில் 80 அடி வரை தடையில்லாமல் எய்யும். அதாவது 16 கல். இரண்டாங்கட்டில் இருப்பவனுக்கு நீங்கள் நேர் இலக்கு.

இந்தப் பதிப்பில் நகர்வைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு முறைக்கு 30 அடி, அதாவது 6 கல். சுவர் மறைவிலிருந்து 2 கல் வெளியே வாருங்கள், மந்திரத்தை விடுங்கள், 2 கல் பின்னால் போங்கள். இன்னும் 2 கல் மிச்சம் இருக்கிறது. சுவர் முழு மறைப்பு. தூண் பாதி மறைப்பு, அதற்குத் தற்காப்பு எண்ணில் (அடி விழ எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்) +2 கிடைக்கும். வில்லாளி உங்களைப் பார்க்க வேண்டுமானால் அவன்தான் வெளியே வர வேண்டும், வந்தால் உங்கள் வீரனிடம் மாட்டுவான்.

படி 4: முதல் சுற்று

நான்கு காப்ளின்கள் முற்றத்தில், இரண்டு இரண்டாங்கட்டு வாசலில் வில்லோடு. நம்மவர்கள் முகப்பில். முதல் முறை மந்திரவாதிக்கு விழுந்திருக்கிறது.

ஸ்லீப் விடுங்கள். 90 அடிக்குள் ஒரு புள்ளி, அதைச் சுற்றி 20 அடி. ஐந்து 8 முகப் பகடைகளை உருட்டுங்கள். 24 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிர்ப்புள்ளி குறைந்தவரிலிருந்து கழித்துக்கொண்டே போக வேண்டும். காப்ளினுக்கு 7. மூன்று பேருக்கு 21 போயிற்று, மூவரும் தரையில். மிச்சம் 3 நான்காமவனுக்குப் போதாது. தப்பிக்கப் பகடை உருட்டும் சேவிங் த்ரோ எதுவும் கிடையாது என்பதுதான் இந்த மந்திரத்தின் பலம். நான்காமவன் ஒருவனைத் தட்டி எழுப்பலாம், ஆனால் அதற்கு அவனுடைய முறையின் முக்கியச் செயலான ஆக்‌ஷன் முழுவதும் போய்விடும். அதுவும் நமக்கு லாபம்தான்.

குறைந்த உயிர்ப்புள்ளி என்ற கணக்கில் நண்பர், எதிரி என்ற பேதம் இல்லை. அடிபட்டு 4 புள்ளியில் நிற்கும் உங்கள் திருடன் அந்த வட்டத்துக்குள் இருந்தால் முதலில் தூங்குபவர் அவர்தான். எனவே நம்மவர்கள் முற்றத்தில் இறங்குவதற்கு முன்பே ஸ்லீப். செத்தும் நடமாடும் பேய் வகைகளுக்கு இது பலிக்காது. 59 புள்ளி வைத்திருக்கும் ஓகர் அரக்கன் கொட்டாவிகூட விடமாட்டான். 2024 பதிப்பில் இதற்கு சேவிங் த்ரோவும் வந்துவிட்டது, வட்டமும் 5 அடியாகச் சுருங்கிவிட்டது. அந்த விதியில் ஆடுபவர்கள் கிரீஸை முதல் ஆயுதமாக வைத்துக்கொள்ளட்டும்.

கிரீஸ் எனக்கு மிகவும் பிடித்தது. 2 கல்லுக்கு 2 கல் தரை வழுக்கலாகிவிடும். முகப்பு வாசலில் சரியாகப் போட்டால் வளவிலிருந்து முகப்புக்கு வர வேறு வழியே இல்லை. மிதித்தவன் விழுந்தால் எழவே பாதி நகர்வு போய்விடும். வீரன் வழுக்கலுக்கு இந்தப் பக்கம் நின்று விழுந்தவனை அட்வான்டேஜோடு, அதாவது இரண்டு பகடையில் பெரியதை எடுத்து, வெட்டலாம். ஆனால் தூரத்திலிருந்து அம்பு விடும் நண்பருக்கு விழுந்துகிடப்பவனை அடிப்பது கடினம். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேஜிக் மிசைலை எதற்கு வைத்திருக்கிறோம்? சாகும் தறுவாயில் இருப்பவனை முடிக்க. மூன்று அம்புகள், ஒவ்வொன்றும் 2 முதல் 5 புள்ளி, தவறவே தவறாது. முழு பலத்தோடு நிற்பவன் மேல் முதல் சுற்றிலேயே அதைச் செலவழிப்பது வீண்.

படி 5: ஆள் பக்கத்தில் வந்துவிட்டால்

எதிரி ஒட்டி நிற்கும்போது ஃபயர் போல்ட் விட்டால் இரண்டு பகடையில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். திரும்பி ஓடினாலோ முதுகில் ஓர் அடி விழும். இங்கேதான் ஷாக்கிங் கிராஸ்ப். தொட்டு மின்சாரம் பாய்ந்துவிட்டால் அவனுடைய அடுத்த முறை வரை, ஓடுபவனை அடிக்க உதவும் எதிர்வினையான ரியாக்‌ஷன் கிடையாது. நிதானமாக 6 கல் நடந்து வரலாம். தொடுதல் தவறிவிட்டால் அங்கேயே நில்லுங்கள், ஷீல்டு இருக்கிறது.

ஷீல்டு என்பது அடி விழுந்தது என்று ஆட்டம் நடத்துபவர் சொன்ன பிறகு விடுவது. தற்காப்பு எண் 12 என்றால் அந்தக் கணமே 17. காப்ளின் 15 எடுத்திருந்தால் அடி இல்லை என்றாகிவிடும். 18 எடுத்திருந்தால் ஷீல்டு விட்டும் பயனில்லை. எண்ணைச் சொல்லிவிடும் நடத்துநராக இருந்தால் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 6: மூன்றாம் நிலையும் அதற்கு மேலும்

மூன்றாம் நிலையில் வெப் எடுங்கள். 4 கல் அளவுக்கு ஒட்டும் வலை. எதிரெதிரே இரண்டு திடப்பொருள்களில் பற்றியோ, தரை, சுவர், கூரையில் படர்ந்தோ நின்றால்தான் நிலைக்கும். வளவுத் தூண்கள் இதற்கென்றே நட்டதுபோல் நிற்கின்றன. சிக்கியவன் நகர முடியாது. இதற்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டும், அதாவது ஒரு நேரத்தில் இப்படிப்பட்ட மந்திரம் ஒன்றுதான். உங்கள் மேல் அடி விழுந்தால் 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, இதில் எது பெரிதோ அந்த எண்ணுக்குச் சேவிங் த்ரோ போட வேண்டும். தவறினால் வலை அறுந்தது. ஆகவே வெப் போட்டவுடன் சுவர் மறைவுக்குப் போய்விடுங்கள். வலை தீப்பிடிக்கும் என்பதை நண்பர்களுக்கும் ஞாபகப்படுத்துங்கள்.

ஐந்தாம் நிலையில் ஃபயர்பால் வரும். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். 20 அடி ஆரம் என்றால் குறுக்களவு 8 கல். சிறிய வளவு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், தூணுக்குப் பின்னால் ஒளிந்தவனையும் மூலை திரும்பிப் பிடிக்கும். உங்கள் வீரன் உள்ளே இருக்கும்போது விடாதீர்கள். இவோகேஷன் என்ற மந்திரப் பிரிவை எடுத்தவர் மட்டும் நண்பர்களைத் தவிர்த்துச் சுடலாம்.

படி 7: ஸ்லாட் கணக்கு

முதல் நிலையில் ஒரு நாளைக்கு 2 ஸ்லாட்தான். ஒன்று ஸ்லீப்புக்கு அல்லது கிரீஸுக்கு, ஒன்று ஷீல்டுக்கு. தற்காப்பு எண்ணை உயர்த்தும் மேஜ் ஆர்மரை முதல் நிலையில் போட வேண்டும் என்பவர்கள் உண்டு. அதற்கே ஒரு ஸ்லாட் போய்விட்டால் மிச்சம் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 3 ஸ்லாட் வரும் இரண்டாம் நிலை வரை அது புத்தகத்திலேயே இருக்கட்டும். ஒரு மணி நேரக் குட்டி ஓய்வில் ஆர்கேன் ரெகவரி மூலம் நாளைக்கு ஒரு முறை ஒரு ஸ்லாட்டைத் திரும்பப் பெறலாம். முகப்புச் சண்டை முடிந்ததும் இரண்டாங்கட்டுக்குப் போகாமல் அந்த ஓய்வைக் கேளுங்கள். வீரன் அவசரப்படுத்துவான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்லாட் தீர்ந்து எதிரி மிச்சம் இருந்தால் வந்த வழியே தெருவுக்கு இறங்கிவிடுங்கள். கடைசியாக வெளியே வருபவர் வீரனாக இருக்கட்டும். நிலைக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஒரு ஆக்‌ஷன் ஆகுமா என்று ஆட்டம் நடத்துபவரிடம் உள்ளே நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.