காரோடு வந்த கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே வைட்பேண்ட் சென்சார் பொருத்துவது எப்படி

காரோடு வந்த எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றாமல் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரை (புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகவே சொல்லும் சென்சார்) பயன்படுத்த நினைப்பவர்களில் பலர், பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் ஒயரில் புதியதை இணைத்துவிடுகிறார்கள். இது ஏன் எஞ்சினுக்குக் கேடு என்பது விளங்கினால் மற்ற வேலைகளில் பாதி தானே விளங்கிவிடும். 1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்பனையான ஹோண்டா சிவிக்கின் டி16இசட்6 எஞ்சினையும் அதன் பி28 கம்ப்யூட்டரையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் காரோடு வந்த பழைய சென்சார் நேரோபேண்ட் எனும் குறுகிய வீச்சு வகை. அது ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தருகிறது. பெட்ரோல் மிகுந்தால் வோல்ட் ஏறும், காற்று மிகுந்தால் இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையில், 0.45 வோல்ட்டை ஒட்டி அது சட்டென்று தாவுகிறது. ஆகவே 14.7 என்ற கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியுமே தவிர, எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது தெரியாது. வைட்பேண்டை இயக்கி அதன் அளவை வோல்ட்டாக மாற்றும் கண்ட்ரோலரோ 0 முதல் 5 வோல்ட் வரை நேர்கோடாக ஏறும் ஓர் அளவைத் தருகிறது. கண்ட்ரோலரும் உள்ளடங்கிய ஏஇஎம் நிறுவனத்தின் எக்ஸ் வரிசை மீட்டரில், வோல்ட்டை 2.375 ஆல் பெருக்கி 7.3125 ஐக் கூட்டினால் காற்று-பெட்ரோல் விகிதம் கிடைக்கும், அதன்படி 14.7 என்பது 3.11 வோல்ட். இதைப் பி28-இன் ஆக்சிஜன் சென்சார் முனையான டி14-இல் கொடுத்தால், விகிதம் 8.4 ஐத் தாண்டிய எந்த நிலையிலும் வோல்ட் 0.45-க்கு மேலேயே நிற்கும். பெட்ரோல் அதிகம் என்று எண்ணிக்கொண்டு கம்ப்யூட்டர் தன் திருத்தத்தின் எல்லை வரை அதைக் குறைத்துக்கொண்டே போகும். காற்று மிகுந்தால் வோல்ட் இன்னும் ஏறுவதால், அந்தத் தவறு தானாகத் திருந்தவும் வழியில்லை.

(இதே காலத்துச் சிவிக் விஎக்ஸ் வகையில் ஹோண்டாவே ஐந்து ஒயர் கொண்ட வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தியிருந்தது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த வேறு கம்ப்யூட்டரும் அந்தக் காரில் இருந்தது.)

எனவே பழைய சென்சாரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, வைட்பேண்டுக்குத் தனியாக ஒரு துளை போடுவதே என் பரிந்துரை. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், எஞ்சினின் வெளியேற்று வாயிலிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி, 18 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் புரியிடையும் உள்ள மரை வளையத்தை வெல்டிங் செய்ய வேண்டும். குழாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், சென்சாரின் தலை 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குழாயில் திரளும் நீர் சென்சாருக்குள் இருக்கும் சூடான பீங்கானில் பட்டு அது விரிசல் விடும். வெல்டிங் முடியும் வரை சென்சாரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். கண்ட்ரோலருக்கு மின்சாரம் இல்லாதபோது சென்சாரைக் குழாயில் விட்டு எஞ்சினை ஓட்டவும் கூடாது. ஹீட்டர் வேலை செய்யாத சென்சாரில் கரி படிந்து அது சீக்கிரம் கெடும். பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரின் கனெக்டருக்குள் அந்தச் சென்சாருக்கென்றே அளந்து வைத்த ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. ஒயரை நீட்ட வேண்டுமானால் கனெக்டரை வெட்டாமல் அதற்கான நீட்டிப்பு ஒயரை வாங்குங்கள்.

அளவீடு பெரும்பாலும் பிழையாவது கிரவுண்டில், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் இணைப்பில்தான். சென்சாரின் ஹீட்டர் சூடேறும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த ஒரு போல்ட்டில் முடுக்கிய கிரவுண்ட் ஒயரில் 0.05 ஓம் தடை இருந்தாலே 0.1 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். மேலே சொன்ன மீட்டரில் அது விகிதத்தில் ஏறத்தாழ கால் புள்ளி. மீட்டரில் 12.6 என்றும் அதன் வோல்ட்டைப் பதிந்த லாகில் 12.9 என்றும் காட்டிய ஒரு வண்டியில், கம்ப்யூட்டரின் பெட்ரோல் அட்டவணையை இரண்டு மாலைகள் திருத்திய பிறகே டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த கிரவுண்டைப் பார்த்தேன். ஹீட்டரின் கிரவுண்டை எஞ்சின் பிளாக்கிலும், சிக்னலின் கிரவுண்டைக் கம்ப்யூட்டரின் சென்சார் கிரவுண்டிலும் தனித்தனியே கொடுங்கள். கண்ட்ரோலரில் ஒரே கிரவுண்ட் ஒயர்தான் இருந்தால், கம்ப்யூட்டரின் கிரவுண்ட் சேரும் அதே போல்ட்டுக்கு அதைக் கொண்டுபோங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கண்ட்ரோலர் கிரவுண்டிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டர் கிரவுண்டிலும் வைத்துப் பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டாம்.

எந்த மாற்றமும் செய்யாத பி28-இல் இந்த அளவைப் பதிய இடமில்லை. மீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம், அல்லது தனி லாகர் வைக்கலாம். மென்பொருள் சிப்பை மாற்றிய பி28 என்றால், மின்சுமையை உணரும் டி10 முனையில் இருக்கும் ஒயரைத் துண்டித்துவிட்டு அங்கே கண்ட்ரோலரின் வெளியீட்டைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. மின்சுமையைச் சோதிப்பதை மென்பொருளில் அணைக்க மறந்தால், எஞ்சின் விளக்கு எரிந்து 20 என்ற பிழைக்குறி வரும்.

இரண்டாவது துளைக்கு இடமே இல்லையென்றால், பழைய சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் வைட்பேண்டைப் பொருத்திவிட்டு, நேரோபேண்டைப் போல நடிக்கும் கண்ட்ரோலரின் போலி வெளியீட்டை டி14-இல் கொடுக்கலாம். இன்னோவேட் நிறுவனத்தின் எல்சி-2 போன்றவற்றில் அதற்கென்றே இரண்டாவது ஒயர் உண்டு. ஆனால் பழைய சென்சாரின் ஹீட்டரைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் 41 என்ற பிழைக்குறியைக் காட்டும். அதை ஏமாற்ற ஹீட்டரின் இடத்தில் 12 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், 14 வோல்ட்டில் அது 16 வாட் வெப்பத்தைக் கக்கும். கடையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் அங்கே புகைந்துபோகும். அலுமினியக் கூடு உள்ள 50 வாட் ரெசிஸ்டரை உலோகத் தகட்டில் முடுக்க வேண்டும்.

சீராக ஓட்டும்போது மீட்டர் 14.7-ஐச் சுற்றி ஊசலாடுவது பழுதல்ல. கம்ப்யூட்டர் தன் நேரோபேண்டைக் கொண்டு கோட்டை மாறிமாறிக் கடப்பதுதான் அப்படித் தெரிகிறது. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது கம்ப்யூட்டர் அந்தச் சென்சாரைக் கண்டுகொள்ளாது. வைட்பேண்டுக்குச் செலவழித்த பணம் பயன்படுவது அப்போதுதான். டர்போ இல்லாத இந்த எஞ்சினில் அந்நேரம் 12.5 முதல் 13 வரை எதிர்பார்க்கலாம். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உண்மையான சரிவிகிதம் 14.1 அளவில்தான் என்றாலும், பெட்ரோலுக்கென அமைத்த மீட்டர் அப்போதும் 14.7 என்றே காட்டும். குழப்பம் வேண்டாதவர்கள் மீட்டரை லாம்ப்டாவுக்கு, அதாவது எந்த எரிபொருளானாலும் சரிவிகிதத்தை 1 என்று காட்டும் அளவுக்கு, மாற்றிக்கொள்ளலாம்.

ஐடிலில் மட்டும் காற்று மிகுந்ததாகக் காட்டினால், பெட்ரோலைக் கூட்டுவதற்கு முன் சென்சாருக்கு முன்னால் எஞ்சின் பக்கம் இருக்கும் கேஸ்கெட்டையும் வெல்டிங்கையும் பாருங்கள். சிறு கசிவு வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் இழுக்கப்படலாம். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் அதே அறிகுறிதான், ஏனென்றால் சென்சார் அளப்பது மிஞ்சிய ஆக்சிஜனைத்தான். எரியாமல் போன பெட்ரோல் அதன் கணக்கில் சரியாக வருவதில்லை.