அங்கோர்வாட்டுக்குக் குழுவாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். இறங்குகிறவர்கள் முகப்பில் நின்று படம் எடுப்பார்கள், பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், வளவில், அதாவது முற்றத்தில், ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டுக்கே போகாமல் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் நமக்கு மனசு கேட்குமா? கம்போடியாவுக்குப் போகும் நம் ஊர்க் குழுக்கள் அங்கோர்வாட் கோயிலில் அதையேதான் செய்கின்றன. காரைக்குடியிலிருந்து நாங்கள் 22 பேர் போனபோதும் அதுதான் நடந்தது.

தவறு ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரே நாளில் அங்கோர்வாட், பாயோன், தா புரோம், பந்தியாய் ஸ்ரே என்று நான்கு கோயில்களின் பெயர்களைப் பயணத் திட்டத்தில் போட்டிருந்தால், கொடுத்த காசுக்கு நிறையப் பார்க்கலாம் என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அங்கோர்வாட்டின் அகழி மட்டுமே சுமார் 190 மீட்டர் அகலம். அதைக் கடந்து மதில் வாயிலுக்குள் நுழைந்தால், கோயிலுக்கு இன்னும் 350 மீட்டர் வெயிலில் நடக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். வயதான ஆச்சிமார் படிக்கட்டுக்கு வந்து மூச்சு வாங்குவதற்குள் வழிகாட்டி கொடியைத் தூக்கிவிட்டார். அங்கோர்வாட்டுக்கு மட்டும் அரை நாள் உண்டா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். 1 நாள் நுழைவுச் சீட்டு 37 டாலர், 3 நாள் சீட்டு 62 டாலர். 3 நாள் சீட்டை 10 நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். முடிந்தால் அதையே வாங்குங்கள்.

அடுத்ததை நம்மவர்கள் பக்தியினாலேயே செய்கிறார்கள். கோயில் என்றதும் கால் தானாக இடப்பக்கம் திரும்பி வலம் வரத் தொடங்கிவிடும். அங்கோர்வாட்டின் வாசல் மேற்குப் பார்த்தது. சிற்பச் சுவர்களைக் கோயில் நம் இடக்கைப் பக்கம் இருக்கும்படி, இடமாகச் சுற்றித்தான் வாசிக்க வேண்டும். உள்ளே போனதும் வலப்பக்கம் திரும்புங்கள். குருட்சேத்திரப் போர் வரும். அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடிப் பாருங்கள். தெற்கே கோயிலைக் கட்டிய மன்னர் சூரியவர்மனின் படை அணிவகுப்பும், சொர்க்கமும் நரகமும். கிழக்குச் சுவருக்கு வந்தால் பாற்கடல் கடைதல், சுமார் 49 மீட்டர் நீளம். அசுரர் ஒரு பக்கம், தேவர் மறு பக்கம் வாசுகியை இழுக்க, நடுவில் திருமால். கடைசியில் மேற்குக்கே திரும்பி வந்தால் இலங்கைப் போர், பத்துத் தலை இராவணன். நாங்கள் வலம் வந்ததால் கதை தலைகீழாகப் போனது. நேரமும் தீர்ந்து, பின்பக்கத்துப் பாற்கடலைப் பார்க்காமலே பஸ் ஏறினோம். எனக்கு அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

இன்னொன்றை உரக்கச் சொல்ல வேண்டும். “இது நம்ம சோழ ராஜா கட்டியது” என்று அங்குள்ள வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்போடியாவின் கெமர் மன்னர் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில் அது. கம்போடியக் கொடியிலேயே அதுதான் இருக்கிறது. சோழருக்கும் அவர்களுக்கும் உறவு இருந்தது உண்மை. காம்போச (கம்போடிய) மன்னர் இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் சோழர் காலத்துக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் வழிகாட்டியும் மனம் திறந்து பேசுவார்.

சிற்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் அங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். அது மணற்கல், பல கைகள் பட்டுப் பட்டு வழவழப்பாகிப்போன இடங்களை நீங்களே பார்ப்பீர்கள். கும்பிட்டே ஆக வேண்டும் என்றால், மேற்கு வாயிலில் எட்டுக் கை விஷ்ணு நிற்கிறார். உள்ளூர் மக்கள் இன்றும் அவருக்கு ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

பழனிக்கு நடந்த கால்தானே என்று உச்சித் தளத்துக்கு எல்லாரும் ஏறக் கிளம்ப வேண்டாம். படி மிகவும் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவது கடினம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விடுவதில்லை, பௌத்தப் புனித நாட்களில் மூடிவிடுவார்கள். முட்டிவலி உள்ளவர்கள் கீழே சிற்பச் சுவரோடு இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கிழிந்த டாலர் நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள். மரக்கறிச் சாப்பாடு என்று சொன்னாலும் மீன் சாறு சேர்ந்திருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள். பருப்புப் பொடியும் தேன்குழலும் பையில் இருக்கட்டும்.

விடியலில் குளக்கரையில் நின்று சூரிய உதயம் பார்த்ததும், பெரும்பாலான குழுக்கள் காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடுகின்றன. நீங்கள் திரும்பாதீர்கள். சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கி வைத்திருங்கள். கூட்டம் குறைந்து, வெயில் ஏறாத அந்த ஒரு மணி நேரத்தில் நேராகப் பின்பக்கம் போங்கள். கிழக்கு வெளிச்சம் அப்போது பாற்கடல் சுவரில்தான் விழும்.