சிக்னல் கேஸ்தானே என்று ‘ஆமாம்’ சொல்லிவிடாதீர்கள்

டிராஃபிக் கேஸை ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பி வருகிறவர்கள், கோர்ட் வாசலைத் தாண்டியதும் என்ன செய்கிறார்கள் என்று பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேஸில் மாட்டியவர்களும் சரி, அவர்களுக்காக ஆஜராகும் புது ஜூனியர் வக்கீல்களும் சரி, நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நேரத்துக்கு வாருங்கள், போனை சைலன்ட்டில் வையுங்கள், லுங்கியோடு வராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்கிறேன்.

ரோட்டிலேயே வாதாடுவது

500 ரூபாய் சலான், போலீஸிடம் பேச்சு தடித்தால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.யின் இடத்தில் வந்த புதுச் சட்டம்) 296(பி), அதாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டிய கேஸாகவும் ஆகிவிடும். பழைய 294(பி) தான், நம்பர் மாறியிருக்கிறது. போலீஸ் மேல் கை பட்டுவிட்டால் 132, அரசு ஊழியரைத் தாக்கிய கேஸ், அது இன்னும் மோசம்.

எந்தப் பிரிவு என்று பார்க்காமல் ஒப்புக்கொள்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

சலானைக் கையில் வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் தொகைக்குத்தான் போகிறது. அதற்கு மேலே இருக்கும் பிரிவு எண்ணை யாரும் படிப்பதில்லை. சிவப்பு சிக்னலைத் தாண்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 119, அதோடு 177 போட்டிருந்தால் அது 500 ரூபாய் விஷயம். அதே சிக்னலுக்கு 184 போட்டிருந்தால் அது ‘ஆபத்தான முறையில் ஓட்டுதல்’. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிக்னல் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது, கையில் போனோடு ஓட்டுவது எல்லாம் அந்தப் பிரிவுக்குள் வந்துவிட்டன. முதல் தடவைக்கே 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் மாஜிஸ்ட்ரேட் அபராதத்தோடு விட்டுவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் போன் வைத்திருந்த கேஸைத் தவிர மற்ற 184-ஐ ஸ்பாட்டில் பணம் கட்டித் தீர்க்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். வந்து நின்றால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?

என்னிடம் வந்த ஒரு டிரைவர், கம்பெனி கேப் ஓட்டுகிறவர், பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்ததால் சிக்னலில் கோட்டைத் தாண்டி ஓரமாக ஒதுங்கியிருக்கிறார். வழி விடாமல் நின்றிருந்தால் 194இ, அதற்கு 10,000 ரூபாய். ஒதுங்கியதற்கு 184. லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காரில் டேஷ்கேம் இருந்தது, ஆம்புலன்ஸ் போனது அதில் பதிவாகியும் இருந்தது. இதைவிட நல்ல கேஸ் ஒருவருக்கு அமையுமா? மனிதர் கோர்ட்டுக்குத் தனியாகப் போனார், வராண்டாவில் நின்ற யாரோ ஒருவர் “ஆமாங்கய்யான்னு சொல்லுங்க, ஆயிரம் ரூபாயோட வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார், இவரும் அப்படியே சொல்லி, பணத்தைக் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே டியூட்டிக்கும் கிளம்பிவிட்டார்.

அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. 206(4)-இன் கீழ் போலீஸ் லைசென்ஸை அனுப்பிவைத்தால், ஆர்.டி.ஓ. விளக்கம் கேட்டுவிட்டு முதல் தடவைக்கு 3 மாதம் தகுதி நீக்கம் செய்யலாம். கோர்ட் கேஸ் முடிந்ததால் இது முடிந்துபோவதில்லை, அது வேறு தடம். அந்த நோட்டீஸைத் தூக்கிக்கொண்டுதான் என்னிடம் வந்தார். ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டேன் என்று இப்போது விளக்கம் எழுதினால், “அப்படியென்றால் கோர்ட்டில் ஏன் ஒப்புக்கொண்டாய்?” என்ற கேள்விக்கு என்ன பதில்? டேஷ்கேமைக் கேட்டேன். மெமரி கார்டில் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறி எப்போதோ அழிந்துவிட்டிருந்தது. அப்பீல் போகலாமா என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு பி.என்.எஸ்.எஸ். (சி.ஆர்.பி.சி.யின் இடத்தில் வந்த புது நடைமுறைச் சட்டம்) 416 குறுக்கே நிற்கிறது, தண்டனையின் அளவையும் அதன் சட்டப்படியான தன்மையையும் தவிர வேறு எதையும் அப்பீலில் பேச முடியாது. மூன்று மாதம் வண்டி ஓட்டாத டிரைவருக்காக எந்தக் கம்பெனியும் காத்திருக்கப் போவதில்லை, இவருடைய கம்பெனியும் காத்திருக்கவில்லை. அந்த வராண்டா ஆலோசகர் மட்டும் இன்னும் அதே தூணோரம்தான் நிற்கிறார்.

இதே ‘ஆமாம்’ விபத்து கேஸில் இன்னும் பயங்கரம். லேசான மோதல், ஒருவருக்குக் கையில் அடி, அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு பி.என்.எஸ். 281-ம் காயம் ஏற்படுத்தியதற்கு 125(ஏ)-வும் போட்டு எஃப்.ஐ.ஆர். “அட்மிட் பண்ணி ஃபைன் கட்டிடுங்க, கேஸ் முடிஞ்சிடும்” என்று வக்கீல்களே சொல்கிறார்கள், அதுதான் கொடுமை. முடிவது மாஜிஸ்ட்ரேட் கோர்ட் கேஸ் மட்டும்தான். அடிபட்டவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, உங்கள் ஒப்புதலின் சான்று நகல்தான் அங்கே முதல் ஆவணமாக உட்கார்ந்திருக்கும். தப்பு இரண்டு பக்கமும் இருந்தது என்று அங்கே வாதாடுவது அதற்குப் பிறகு மலையைப் புரட்டுகிற வேலை. உங்களுக்கும் அடிபட்டு நீங்களும் இழப்பீடு கேட்டிருந்தால் உங்கள் மனுவும் அடிபடும். அதோடு 185-ஐயும், அதாவது குடித்துவிட்டு ஓட்டியதையும் சேர்த்து ஒப்புக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 150-ஆம் பிரிவில் அது நேரடியான எதிர்வாதம். அபராதம் 10,000 ரூபாயோடு போயிற்று என்று நிம்மதியாக இருந்தவரின் தலையில் இழப்பீடு லட்சக்கணக்கில் வந்து விழும்.

சரி, அந்தக் கேள்விக்கு என்னதான் சொல்வது? “ஐயா, நகல் வாங்கிப் பார்க்க வேண்டும், வாய்தா வேண்டும்.” இவ்வளவுதான். பொய் சொல்லவும் தேவையில்லை, அன்றைக்கே வாதாடவும் தேவையில்லை. பிரிவைப் படித்துவிட்டு, கட்டிவிடலாம் என்றே நீங்கள் முடிவு செய்தாலும் அடுத்த வாய்தாவில் கட்டிக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்னொன்று. ஸ்பாட்டிலோ ஆன்லைனிலோ பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்வது கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போன்றதல்ல, கட்டியதும் அந்தக் குற்றத்துக்கான வழக்கு அத்தோடு நிற்கும். அதற்காக அது கணக்கிலேயே வராது என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை மாட்டும்போது அது ‘முந்தைய குற்றம்’, தொகை ஏறும். லைசென்ஸ் மீதான நடவடிக்கையும் அதனால் தானாக நிற்காது.

லைசென்ஸ் கையில் இல்லாததற்கு 181-ஐ ஏற்றுக்கொள்வது

லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 181, 5,000 ரூபாய். வைத்திருந்தும் காட்டாமல் விட்டால் 130, அதோடு அதே 500 ரூபாய் 177. இரண்டும் ஒன்றல்ல. போனில் டிஜிலாக்கர் ஆப்பில் காட்டினாலே போதும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139 இருக்கும்போது 5,000 கட்டிவிட்டு வருகிறவர்களை என்னவென்று சொல்வது?

எதிர்க்கிறேன் என்று பட்டனை அழுத்திவிட்டு மறந்துவிடுவது

சலான் கேஸை ஆன்லைனிலேயே நடத்தும் வர்ச்சுவல் கோர்ட் தளத்தில் பணம் கட்டுவது ஒரு வழி, வழக்கை எதிர்க்கிறேன் என்பது இன்னொரு வழி. இரண்டாவதை அழுத்தினால் கேஸ் அந்த எல்லைக்குரிய சாதாரண கோர்ட்டுக்கு மாறிவிடும். நிறைய பேர் அதை அழுத்தியதோடு ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சம்மன் ஆர்.சி.யில் இருக்கும் முகவரிக்குப் போகும், நீங்கள் அந்த வீட்டைக் காலி செய்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். (முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது. யார் தெரிவிக்கிறார்கள்?) கடைசியில் வாரண்ட்டோடு காவலர் பழைய வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் விஷயமே தெரியவரும். இ-கோர்ட்ஸ் தளத்தில் கேஸ் நம்பரைப் போட்டு அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல பாயிண்டை விட்டுவிட்டு வெத்துப் பாயிண்டைப் பிடிப்பது

“எல்லாரும்தான் போனாங்க, என்னை மட்டும் பிடிச்சாங்க” என்பது எதிர்வாதமே இல்லை. சலானில் உங்கள் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருப்பதால் கேஸ் உடையாது. ஜூனியர்கள் இதை வைத்துக் கால் மணி நேரம் பேசுவார்கள், மாஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்டுவிட்டு அபராதம் போடுவார்.

பேச வேண்டியது வேறு. வேகமாகப் போனதாகக் கேஸ் என்றால், ஒரே ஒரு சாட்சி “பார்த்தாலே தெரிந்தது” என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவி வைத்து அளந்த கணக்கு வேண்டும் என்று 183(3) சொல்கிறது. 183, 184 இரண்டுக்கும் 209 என்று ஒரு பாதுகாப்பு உண்டு. அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ், அல்லது 28 நாளுக்குள் சம்மன். உங்களை நிறுத்தி அங்கேயே சலான் கொடுத்த கேஸில் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நிற்காது. கேமரா பிடித்து, நோட்டீஸ் மாதக்கணக்கில் தாமதமாக வந்த கேஸில்தான் இதற்கு வேலை. கேமரா பதிவை ஆதாரமாகக் கொண்டுவந்தால் புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 63-இன் கீழ் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ், அதாவது பழைய 65பி, இருக்கிறதா என்று கேளுங்கள்.

காலக்கெடுவையும் பாருங்கள். அபராதம் மட்டுமே தண்டனை என்கிற குற்றத்துக்குக் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய 6 மாதம்தான், பி.என்.எஸ்.எஸ். 514. தாமதத்தை மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியது போலீஸ்தான். பழைய ஹெல்மெட் சலானைத் தூசி தட்டிக் கொண்டுவந்தால் முதலில் தேதியைப் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் எதிர்ப்பது

ஹெல்மெட் இல்லை, போட்டோவில் தலைமுடி வகிடு வரை தெரிகிறது. 1,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

ப்ரோக்கரிடம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

விற்ற வண்டிக்கு ‘நான் ஓட்டவில்லை’ என்று மட்டும் சொல்வது

வண்டியை விற்று வருடம் ஆகிவிட்டது, ஆர்.சி.யில் பெயர் இன்னும் உங்களுடையது. சட்டத்தின் கண்ணில் ஓனர் நீங்கள்தான். விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட்டில் நிற்கும்போது வண்டி கைமாறியதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் படிவம் 29 கொடுத்ததற்கான ஆதாரம், விற்ற தேதியோடு ஒப்பந்தம், பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், எது இருக்கிறதோ அதோடு போங்கள். “அவன் நம்பர் இருக்கு சார், கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறான்” என்பதோடு மட்டும் போகாதீர்கள்.

கேஸ் முடிந்ததும் அப்படியே வீட்டுக்குப் போவது

விடுதலையோ அபராதமோ, உத்தரவின் சான்று நகலுக்கு அன்றைக்கே மனு போடுங்கள். கோர்ட்டில் முடிந்த கேஸ் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் ‘நிலுவை’ என்றே நிற்பது சகஜம், எஃப்.சி.க்கோ (வண்டித் தகுதிச் சான்று) பெயர் மாற்றத்துக்கோ போகும்போதுதான் அது தெரியவரும். நகலோடு சலான் போட்ட போக்குவரத்து காவல் நிலையத்துக்குப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள், லைசென்ஸ் அவர்களிடமோ ஆர்.டி.ஓ.விடமோ மாட்டியிருந்தால் அதற்கும் அந்த நகல்தான் வேண்டும்.