கணைய அழற்சி முற்றுகிறதா? முதல் 48 மணி நேரத்தில் எதைப் பார்ப்பது

வார்டில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர் மாணவர்களுக்குமான குறிப்பு இது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, இயல்பின் மேல் எல்லையைப்போல் 3 மடங்கைத் தாண்டிய லைபேஸ் (கணையம் சுரக்கும் நொதி). நோய் உறுதியாகிவிட்டது. இனி?

படி 1: லைபேஸை மறந்துவிடுங்கள்

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். நேற்று 3000, இன்று 900 என்றதும் 'தேறி வருகிறார்' என்று எழுதிவிடுகிறார்கள். உடைந்த செல்களிலிருந்து ரத்தத்தில் கசிந்த நொதி அது. நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கும்போதும் அது பாட்டுக்கு இறங்கும். நோயைக் கண்டுபிடிக்க உதவும், தீவிரத்தைச் சொல்லாது. தினமும் அனுப்புவது வீண்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குடலில் போய் விழித்துக்கொள்ள வேண்டிய டிரிப்சின் என்ற செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே விழித்து, அதையே செரிக்கிறது. அங்கே கிளம்பும் அழற்சி உடலெங்கும் ரத்தநாளச் சுவர்களைக் கசிய வைக்கிறது. நீர் நாளத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்விட, ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீரகம் வறள்கிறது, நுரையீரல் நனைகிறது.

படி 2: சிறுநீரை மணிக்கணக்கில் அளக்கவும்

கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. கூடவே ஹெமடோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பி.யு.என்.னும் (ரத்த யூரியாவிலுள்ள நைட்ரஜனின் அளவு). ஒரே ஒரு எண்ணை நம்ப வேண்டாம்; 24 மணி நேரத்தில் பி.யு.என். ஏறினால் அதுதான் கெட்ட செய்தி.

படி 3: மூச்சை முழு நிமிடம் எண்ணவும்

15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. 20-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் அளவு, மார்பு எக்ஸ்ரே. காரணம் நோயாகவும் இருக்கலாம், நாம் ஏற்றிய டிரிப்பாகவும் இருக்கலாம். 2022-இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வில் வேகமாகத் திரவம் ஏற்றியதால் பலன் கூடவில்லை, உடலில் நீர் தேங்கியதுதான் மிச்சம். ஏற்ற வேண்டியது ரிங்கர் லாக்டேட் (உப்புகள் கலந்த டிரிப் திரவம்), கிலோவுக்கு மணிக்கு 1.5 மி.லி.; நீரிழப்பு இருந்தால் மட்டும் முதலில் கிலோவுக்கு 10 மி.லி.

படி 4: கடிகாரத்தைக் குறித்துவையுங்கள்

உறுப்புச் செயலிழப்பு தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் மீண்டால் மிதமான தீவிரம். தாண்டினால் கடும் நிலை. உயிரிழப்பு அதிகம் அங்கேதான்.

தீவிரத்தைக் கணிக்கும் மதிப்பெண்ணுக்கு பிசாப் முறை போதும், ஒவ்வொன்றுக்கும் 1: பி.யு.என். 25-க்கு மேல், மனத்தெளிவுக் குறைவு, உடல் முழுவதுமான அழற்சி அறிகுறிகள், வயது 60-க்கு மேல், நுரையீரல் உறையில் நீர். 3 வந்தால் ஐ.சி.யூ.வுக்குச் சொல்லிவிடுங்கள். ரான்சன் என்ற இன்னொரு மதிப்பெண் முறை முழுமையடைய 48 மணி நேரம் ஆகும், அவசரத்துக்கு உதவாது. சிடி ஸ்கேனுக்கும் அவசரம் வேண்டாம்: முதல் நாளில் திசு செத்தது தெரியாமல் போகலாம், 72 மணி நேரத்துக்குப் பின் தெளிவாகும்.

பின்சேர்க்கை: ஒரே நோயாளிக்கு பிசாப் இரண்டு விதமாக வருகிறதே என்று கேட்டவர்களுக்கு: அறிக்கையில் இருப்பது யூரியாவா, பி.யு.என்.னா என்று பாருங்கள். மி.கி./டெ.லி.யில் யூரியா என்றால் 2.14-ஆல் வகுத்த பிறகே 25-உடன் ஒப்பிடவும். யூரியா 40 என்பது பி.யு.என். 19-க்கும் கீழே, அதற்கு மதிப்பெண் கிடையாது.