பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து: வாசலிலிருந்து ஊசி வரை

மூளைக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்து கொடுத்தால் பயன் உண்டு என்பது 1995-இல் அமெரிக்க ஆய்விலும், 4.5 மணி நேரம் வரை பயன் உண்டு என்பது 2008-இல் ஐரோப்பிய ஆய்விலும் தெளிவாயிற்று. இருந்தும் நோயாளி வந்த பிறகு நேரம் கரைவது பெரும்பாலும் மருத்துவரின் தயக்கத்தால் அல்ல. பில் போடும் இடம், லேப் ரிப்போர்ட், மருந்தகம், சி.டி. ஸ்கேன் அறை வாசல் ஆகிய இடங்களில் ஒருவருக்காக இன்னொருவர் காத்திருப்பதால்தான். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனை 2011-இல் வாசலிலிருந்து ஊசி வரையான இடைநிலை நேரத்தை 20 நிமிடமாகக் குறைத்தது. அங்கே புதிய மருந்து எதுவும் இல்லை. ஆம்புலன்சிலிருந்தே தகவல் பெற்றார்கள், நோயாளியை அதே ஸ்ட்ரெச்சரில் நேராக சி.டி. மேசைக்குக் கொண்டு சென்றார்கள், அங்கேயே ஊசியும் போட்டார்கள். நம் மாவட்ட மருத்துவமனைகளிலும் இந்த மூன்றையும் தனிச் செலவு ஏதுமின்றிச் செய்யலாம்.

108 ஆம்புலன்சிலிருந்து அழைப்பு வந்தவுடன் பேசுபவர் கேட்க வேண்டியவை: நோயாளியின் வயது, தோராயமான எடை, கடைசியாக நலமாக இருந்த நேரம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, நேரில் கண்டவரின் கைப்பேசி எண். கண்டவரையே வண்டியில் ஏற்றி வரச் சொல்வது இன்னும் நல்லது. பின்னால் பைக்கில் வரும் மகனுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிந்திருக்காது.

முழுச் சிகிச்சையும் ஒரே ஒரு நேரத்தின் மேல் நிற்கிறது. அது அறிகுறியை முதலில் பார்த்த நேரம் அல்ல. நோயாளி கடைசியாக நலமாக இருந்ததை ஒருவர் உறுதியாகச் சொல்லக்கூடிய நேரம். “எப்போது வந்தது?” என்று கேட்டால் “காலை 6 மணிக்கு” என்று வீட்டார் சொல்வார்கள், ஏனென்றால் அப்போதுதான் அவர்கள் பார்த்தார்கள். “அம்மா, ராத்திரி படுக்கும்போது நல்லா இருந்தாரா? நடுவுல எழுந்தாரா?” என்று செவிலியர் கேட்கும்போது, “நாலு மணிக்கு எழுந்து பாத்ரூம் போனாரும்மா, திரும்பி வந்து எங்கிட்ட தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு” என்று மனைவி சொன்னால், கடிகாரம் அவர் படுக்கப்போன இரவு 10 மணியிலிருந்து விடிகாலை 4 மணிக்கு நகர்ந்துவிடுகிறது. 6.45-க்கு வந்து சேர்ந்த அந்த நோயாளிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. கைப்பேசியின் அழைப்புப் பட்டியலும் இதற்கு உதவும். நேரமே தெரியாமல் தூக்கத்திலிருந்து பக்கவாதத்துடன் எழுந்தவர்களிலும், எம்.ஆர்.ஐ. படத்தில் பாதிப்பு மிகப் புதியது என்று தெரிந்தால் சிலருக்கு மருந்து கொடுக்க முடியும் என்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே அவர்களை உடனே ஒதுக்கிவிடக் கூடாது.

சி.டி.க்குப் போகும் முன்போ போகும் வழியிலோ முடிக்க வேண்டிய வேலைகள் குறைவு. விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தாலும் கை கால் விழும், பேச்சு குழறும். ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு கைகளிலும் ஊசி வழி வைத்து, என்.ஐ.எச். அளவுகோலில் (எண் கூடினால் பாதிப்பு கூடுதல்) பாதிப்பைக் குறிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் முன் எல்லா நோயாளிக்கும் கட்டாயமாகத் தெரிய வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரை ஒன்றுதான். ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின், ஹெப்பாரின் போன்றவை எடுப்பவர், கல்லீரல் நோயுள்ளவர், ரத்தக்கசிவு நோய் இருக்கலாம் என்ற ஐயத்துக்குரியவர் ஆகியோருக்கு மட்டுமே மற்ற முடிவுகளுக்குக் காத்திருக்க வேண்டும். ஏனையோருக்கு ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு வேலையைத் தொடரலாம். வரும் வழியில் யாராவது ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அது மட்டுமே தடையாகாது.

சி.டி.யில் முதலில் பார்க்க வேண்டியது ரத்தக்கசிவு இருக்கிறதா என்பது. இருந்தால் இந்த மருந்துக்கு இடமே இல்லை. முன்பு எப்போதாவது மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பது, 3 மாதத்துக்குள் பலத்த தலைக்காயமோ மூளை அல்லது முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையோ முந்தைய பக்கவாதமோ, 21 நாளுக்குள் இரைப்பை குடல் ரத்தப்போக்கு, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 1.7-க்கு மேல், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ், 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தை இளக்கும் டாபிகாட்ரான், ரிவராக்சபான் வகை மாத்திரை ஆகிய தடைகளை அச்சிட்ட தாளில் ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்டு டிக் செய்வதே பாதுகாப்பு. நினைவை நம்பக் கூடாது. அளவுகோலில் எண் குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரை விட்டுவிடவும் கூடாது. பேச்சு வராத ஆசிரியருக்கும், வலது கை விரல் மடங்காத தையற்காரருக்கும் எண் குறைவாகவே வரக்கூடும், ஆனால் இழப்பு பெரியது.

ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வந்த பிறகே மருந்து தொடங்க வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கும் லேபெட்டலால் 10 மில்லிகிராம் ஒன்றிரண்டு நிமிடத்தில் மெதுவாக நரம்பில் கொடுத்து, தேவையானால் ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். நிஃபெடிபின் கேப்சூலை நாக்கின் கீழ் வைக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அழுத்தம் திடீரென்று சரிந்தால் அடைப்புக்கு அப்பால் உயிரோடிருக்கும் மூளைப்பகுதியும் சேர்ந்து போய்விடும்.

இனி மருந்தின் அளவு. என் கருத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுவே. எடையை ஊகிக்காமல், எடை காட்டும் படுக்கையோ ஸ்ட்ரெச்சர் தராசோ இருந்தால் அதில் பார்க்க வேண்டும். ஆல்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவ்வளவு எடையானாலும் 90-ஐத் தாண்டக் கூடாது. 60 கிலோ நோயாளிக்கு 54 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கான 5.4-ஐ ஒரு நிமிடத்தில் நேரடியாகச் செலுத்தி, மீதி 48.6-ஐ பம்ப் மூலம் ஒரு மணி நேரத்தில் செலுத்த வேண்டும். 50 மில்லிகிராம் குப்பியில் உடன் வரும் 50 மில்லி தண்ணீரை விட்டபின் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெல்லச் சுழற்ற வேண்டும். பம்ப் காலியாகி மணியடிக்கும்போதும் குழாய்க்குள் சில மில்லி மருந்து நின்றிருக்கும். அதைக் கழற்றி எறியாமல், அதே வேகத்தில் சலைன் விட்டு உள்ளே தள்ளினால்தான் நோயாளிக்கு முழு அளவு சேரும். ரத்தக்கட்டைக் கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், உச்சம் 25, ஒரே ஊசியாக. டெக்ஸ்ட்ரோஸ் ஓடிய வழியானால் முன்னும் பின்னும் சலைனால் கழுவ வேண்டும். அமெரிக்காவின் மருந்துத் துறை 2025 மார்ச்சில் பக்கவாதத்துக்கு டெனெக்டெப்ளேஸை அனுமதித்தது. 60 கிலோ நோயாளிக்கு இது 15 மில்லிகிராம் ஆகிறது. மாரடைப்புக்கு அதே நோயாளிக்கு 35 மில்லிகிராம் கொடுப்பார்கள். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து என்பதால், பக்கவாதத்துக்கான எடைப்பட்டியலைத் தனி நிறத்தில் பெட்டிமேல் ஒட்டி, இரண்டாம் ஒருவர் எண்ணை உரக்கப் படித்த பிறகே ஊசி போட வேண்டும். மாரடைப்புக்காக இருப்பில் உள்ள ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பக்கவாதத்துக்குக் கொடுக்கவே கூடாது. மிகுதியான ரத்தக்கசிவால் அந்த ஆய்வுகள் 1990-களிலேயே நிறுத்தப்பட்டன.

மருந்து கலக்கும் நேரத்திலேயே வீட்டாரிடம் பேசிவிடலாம். 1995 ஆய்வில் மருந்து பெற்றவர்கள் மூன்று மாதத்தில் குறையின்றியோ மிகச் சிறு குறையுடனோ இருக்கும் வாய்ப்பு, பெறாதவர்களின் வாய்ப்போடு ஒப்பிட்டால், குறைந்தது 30 சதவீதம் கூடியது. மூளையில் பாதிப்பை உண்டாக்கும் ரத்தக்கசிவு மருந்து பெற்றோரில் 100-க்கு 6 பேருக்கும், பெறாதோரில் 100-க்கு ஒருவருக்கும் குறைவாகவும் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில், ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரிய குழாய் அடைப்பு தெரிந்தால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், கம்பி வழியாக ரத்தக்கட்டை எடுக்கும் மையத்துக்கு உடனே அனுப்ப வேண்டும்.

ஊசி போட்ட பின் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறையும், 24 மணி வரை மணிக்கு ஒரு முறையும் அழுத்தத்தையும் நரம்பு நிலையையும் பார்த்து, அழுத்தத்தை 180/105-க்குள் வைக்க வேண்டும். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகியவற்றைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போட வேண்டும். புதிதாகத் தலைவலி, வாந்தி, திடீர் அழுத்த ஏற்றம், மேலும் பலவீனம் தென்பட்டால் மருத்துவர் வரும்வரை காத்திராமல் செவிலியரே பம்பை நிறுத்தலாம் என்று எழுத்தில் அதிகாரம் தந்திருக்க வேண்டும். பிறகு உடனே சி.டி., ரத்தக்கசிவு உறுதியானால் கிரையோபிரெசிபிடேட் (ரத்தம் உறைய உதவும் புரதங்கள் நிறைந்த ரத்தப் பொருள்). உதடும் நாக்கும் வீங்குவது, முக்கியமாக ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரை எடுப்பவர்களிடம், இன்னொரு ஆபத்து. நாக்கின் ஒரு பாதி மட்டும் தடித்திருப்பதைக் கண்டாலே மூச்சுவழியைக் காக்கும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து எடுக்கும் சி.டி.யில் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே ஆஸ்பிரின் தொடங்கலாம். அதுவும், விழுங்குகிறாரா என்று ஒரு கரண்டித் தண்ணீரில் பார்த்த பின்னரே வாய்வழியாகக் கொடுக்க வேண்டும்.