வீட்டில் குடும்ப ஜெபம் தொடங்குவது எப்படி? பத்து நிமிடம் போதும்

நாகர்கோவிலில் எங்கள் பாட்டா (தாத்தா) வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு ஜெபம். பாய் விரித்துக் குடும்பமே முழங்காலில் நிற்கும். பாட்டா ஜெபத்தை ஆரம்பித்தால் சபை, ஊர், நாடு, உலகம் என்று ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வீடு திரும்புவார். அதற்குள் நானும் தம்பியும் கட்டில் விளிம்பில் முகம் புதைத்துத் தூங்கியிருப்போம். எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஆமென் சத்தத்துக்குத்தான் முழிப்பு வரும்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபின் அதையே அப்படியே நடத்தப் பார்த்தேன். நான்காம் நாளே படுத்துவிட்டது. கணவருக்கு ஷிப்ட் வேலை, மகனுக்கு டியூஷன், சின்னவளுக்குச் சாப்பிடும்போதே கண் சொக்கும். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டோம். நாலாவது முறை பிடித்துக்கொண்டது. அப்போது எதை மாற்றினோம் என்பதை, புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் தினச் சாப்பாடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டிலும் தினமும் பிரியாணி கிடையாது. சோறும் ஒரு குழம்பும்தான், ஆனால் தினமும் உண்டு.

தேவையானவை: பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, பத்து நிமிடம்.

படி 1: நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாதீர்கள்

எட்டு மணி என்று வைத்தால் எட்டே காலுக்கு, "இன்றைக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று தோன்றும். அதனால் தினமும் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஜெபம், அதற்கப்புறம்தான் பாத்திரம். சாப்பாடு ஏழரைக்கோ ஒன்பதுக்கோ, எப்போது முடிந்தாலும் சரி. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரம் இல்லாத வீடு என்றால், காபிக்கு முன்னாலும் வைத்துக்கொள்ளலாம். உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளிடம் இந்த வார்த்தைகளைப் பற்றி எப்போது பேச வேண்டும் என்று வருகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. மணிக்கணக்கு எதுவும் அங்கே இல்லை.

டிவியை நிறுத்துங்கள். போன்களை வேறு அறையில் வையுங்கள். வேதாகமம் போனிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பயணத்தில் நானும் அதில்தான் வாசிக்கிறேன். ஆனால் வீட்டில் வாசிக்கும்போது மேலே பால்காரர் கணக்கு மெசேஜ் வந்து நிற்கும். எல்லார் கண்ணும் அங்கே போய்விடும்.

படி 2: ஆதியாகமத்தில் ஆரம்பிக்காதீர்கள்

புது வருஷ ஆராதனை முடிந்த சூட்டில் எல்லாரும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறக்கிறோம். யோசேப்பு கதை வரைக்கும் நன்றாகவே போகும். யாத்திராகமத்தில் ஆசரிப்புக்கூடாரம் என்ற ஆராதனைக் கூடாரத்தின் முழ அளவுகள் வந்ததும் மூச்சு வாங்கும். லேவியராகமத்தில் பலிகள் தொடங்கியதும் நின்றுவிடும். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்கத் தினமும் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். தனியாக வாசிப்பவருக்கு அது நல்ல கணக்குத்தான். ஆறு வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் ஜெபத்துக்கு அது ஒத்துவராது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 16 அதிகாரம். இயேசு ஓரிடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் பிள்ளைகளுக்கும் அலுக்காது. ஒரு ராத்திரிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வசனம் போதும், ஒரு சம்பவம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். மாற்கு முடிந்ததும் ரூத், நான்கே அதிகாரம். மாமியார் மருமகள் கதை என்பதால் பெரியவர்களுக்கும் சுவாரஸ்யம் தட்டும். நடுநடுவே வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். 117-ஆம் சங்கீதத்துக்கு இரண்டே வசனம், நேரமே இல்லாத நாளுக்கு அது கைகொடுக்கும். 119-க்கு 176 வசனம். அதை ஒரே மூச்சில் வாசித்துவிடாதீர்கள். எட்டு எட்டாகப் பிரித்தே அச்சிட்டிருப்பார்கள், அப்படி வாசித்தால் 22 நாள் வரும்.

வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து ஒரு வசனச் சீட்டு எடுத்து வாசித்து முடிக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை, என் அத்தை இன்றைக்கும் எடுக்கிறார்கள். ஆனால் அது ஊறுகாய். அதை மட்டும் தொட்டுக்கொண்டு வயிறு நிரம்பாது.

படி 3: புத்தகத்தைக் கைமாற்றுங்கள்

ஒருவரே வாசித்தால் மற்றவர்கள் சபையில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஆகிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு வசனம் வாசித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு ஒரு சின்ன வசனம். வாசிக்கவே தெரியாத பிள்ளை நீங்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லட்டும். தடுமாறினால் திருத்தாதீர்கள். என் மகன் "நெபுகாத்நேச்சார்" என்ற ராஜாவின் பெயரை நாலு விதமாகச் சொல்லிவிட்டான், வேதாகமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரும்பாலான சபைகளில் நாம் வாசிப்பது 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. பழைய சொற்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றைத் தாண்டி ஓடாமல் நின்று பாருங்கள், அங்கேதான் பேச்சு பிறக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாற்கு 4-ஆம் அதிகாரம், கடலில் புயல். சின்னவளின் முறை: "கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்." பின்னணியம் என்றால் என்ன என்று கேட்டாள். எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. பின்னணி இசையா என்றான் மகன். அத்தைதான் சொன்னார்கள். அவர்கள் பிறந்தது கடற்கரை ஊர். படகின் முன்பக்கம் அணியம், அப்படியானால் பின்பக்கம் பின்னணியம். அதோடு விடவில்லை. காற்று அடிக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் எப்படி ஏறும், அவர்கள் அப்பா கரை சேராத ஒரு ராத்திரி வீட்டில் எல்லாரும் எப்படி விழித்திருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அதுவரை ஜெபத்தில் வாயே திறக்காத என் மகன், "அந்தத் தண்ணியிலயா தூங்கினாரு?" என்று கேட்டான். அன்றைக்குப் பத்து நிமிடம் முக்கால் மணி ஆயிற்று. பாத்திரம் காலையில்தான் கழுவினேன்.

பழைய நடை சுத்தமாகப் பிடிபடாவிட்டால் பக்கத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். 23-ஆம் சங்கீதத்தில் "நான் தாழ்ச்சியடையேன்" என்று இருப்பது, 1995-இல் வந்த திருவிவிலியத்தில் "எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் விளக்கவுரையே வேண்டாம். மனப்பாடத்துக்கு மட்டும் பழையதையே வைத்திருக்கிறோம். அந்தச் சந்தம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது.

படி 4: இரண்டே கேள்வி, பிரசங்கம் வேண்டாம்

வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் உனக்குப் பிடித்தது எது? புரியாதது எது? அவ்வளவுதான். "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று கேட்டால் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிப் பதிலை எடுத்து நீட்டுவார்கள்: கீழ்ப்படிய வேண்டும், அன்பாயிருக்க வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லக் கதையைக் கேட்டிருக்கவே வேண்டாம். புரியாததற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் நோட்டில் எழுதி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் கேட்கலாம். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் செய்த தப்பு இது. மகன் கணக்கில் மார்க் குறைந்த வாரம், நீதிமொழிகளில் சோம்பேறியை எறும்பிடம் போய்ப் பார்க்கச் சொல்லும் பகுதியைத் தேடி எடுத்து வாசித்தேன். போதாததற்கு ஜெபத்திலும், "கர்த்தாவே, இந்த வீட்டில் சிலருக்குப் பொறுப்பைத் தாரும்" என்றேன். அந்தச் சிலர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாளிலிருந்து ஜெப நேரத்துக்குச் சரியாக அவனுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது, இரண்டு வாரத்துக்கு. ஆண்டவரிடம் பேசுவது போல் பிள்ளையைக் குத்திக்காட்டாதீர்கள். திட்ட வேண்டுமென்றால் பகலில் நேராகத் திட்டிவிடுங்கள்.

படி 5: ஆளுக்கு ஒரு வரி ஜெபம்

நீளமான ஜெபம் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு வாய் வராது. ஒரு நன்றி, ஒரு கேட்பு, ஆளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் நிற்க முடியாத பெரியவர்கள் நாற்காலியில் இருக்கட்டும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். புதிதாக ஜெபிக்கிறவர்களுக்கு அதுவே போதும். கேட்க வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது, அன்றாட ஆகாரம் உட்பட.

அந்த நோட்டு இதற்குத்தான். தேதி போட்டு, யாருக்காக, எதற்காக என்று ஒரு வரி. நடந்தால் பக்கத்தில் ஒரு டிக். எங்கள் நோட்டில் மாமாவின் ஆபரேஷன், எதிர்வீட்டு அக்காவின் வேலை, ரிசர்வேஷன் கிடைத்தது என்று பல டிக்குகள் உண்டு. சின்னவள் பென்சிலில் எழுதிய "பூனக்குட்டி திரும்பி வரணும்" என்ற வரிக்கு டிக் இல்லை. பூனை வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டாள். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அந்த வரியை அவள் அழிக்கவும் இல்லை, நான் அழிக்கச் சொல்லவும் இல்லை.

படி 6: பாட்டு, முடிந்தால்

கீர்த்தனை ஒரு பல்லவி, ஒரு சரணம். வாரம் முழுக்க ஒரே பாட்டு, அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லாமல் வரும். சுருதி சேராவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பாட வரவே வராத வீடு இந்தப் படியை விட்டுவிடலாம்.

விட்டுப்போன நாட்களுக்கு

விட்டுப்போகும், தயாராக இருங்கள். காய்ச்சல், கல்யாணம், பரீட்சை, கரண்ட் கட். விட்ட நாளின் பகுதியை மறுநாள் சேர்த்து வாசித்துக் கடன் தீர்க்கப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்துதான் நாங்கள் இரண்டாம் முறை நின்றோம். விட்ட இடத்திலிருந்து அடுத்த பத்து வசனம், அவ்வளவே. விருந்தாளி வந்திருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். வேறு மதத்தவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், விருப்பப்பட்டால் உட்காரட்டும். கணவருக்கு நைட் ஷிப்ட் வரும் வாரம், அவர் டீ இடைவேளையில் போனில் ஆமென் மட்டும் சொல்வார். வளர்ந்த பிள்ளை வாசிக்கமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், கூட உட்கார்ந்தால் போதும். கணவன் மனைவிக்குள் சண்டை நடந்த ராத்திரிதான் கஷ்டம். அன்றைக்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

முதல் வாரத்துக்கு

மாற்குவில் இறங்குமுன் ஒரு வாரம் ஒத்திகை பார்க்கலாம். திங்கள்: மாற்கு 4:35-41, அந்தப் புயல். செவ்வாய்: சங்கீதம் 23. புதன், வியாழன்: லூக்கா 15:11-32, சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்ட குமாரன் கதை. 22 வசனம் இருப்பதால் இரண்டாகப் பிரியுங்கள். தகப்பன் ஓடிவரும் 20-ஆம் வசனத்தை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொண்டால், "அப்பா சேர்த்துக்கொண்டாரா?" என்ற கேள்வியோடு பிள்ளைகள் படுப்பார்கள். வெள்ளி: சங்கீதம் 121, எட்டே வசனம். சனி: மாற்கு 2:1-12, கூரையைப் பிரித்து நோயாளியை இறக்கும் நால்வர். வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு மட்டும் ராத்திரிக்கு வைக்காமல், கோவிலுக்குக் கிளம்பும் முன் காலைச் சாப்பாட்டோடு யோவான் 21:1-14. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் அகப்படாமல், விடியும்போது இயேசு சொன்னபடி வலை போட்டு மீனோடு கரைக்கு வரும் சீஷர்களுக்கு, அவர் கரிநெருப்பில் மீன் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிடும் இடம். வலையில் 153 பெரிய மீன்கள் இருந்ததாக அதில் வரும். அவரைக் கரையில் நிற்க வைத்துவிட்டு அத்தனை மீனையும் யார் உட்கார்ந்து எண்ணினார்கள் என்று என் மகன் கேட்டான். பேதுருதான் என்கிறார்கள் அத்தை. கணக்கு என்றால் அது வரி வசூலித்த மத்தேயுவாகத்தான் இருக்கும் என்கிறார் என் கணவர். இன்னும் முடிவாகவில்லை.