டபுள் கெப்பில் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்: 3,500 கிலோவை நம்பி வாங்க வேண்டாம்

டபுள் கெப் பிக்கப்பின் இழுவைத் திறன் 3,500 கிலோ என்று கையேட்டில் இருந்தால், அவ்வளவு நிறையுள்ள ட்ரெய்லரை மாட்டலாம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கெப் சுமக்கக்கூடிய பாரம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆகவே கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் பாரவூர்திகளின் முதுகில், கிரீஸ் பூசிய வட்டத் தட்டு ஒன்று இருக்கும். அதுதான் ஃபிஃப்த் வீல். ட்ரெய்லர் நிறையில் 15 முதல் 25 சதவீதம் அந்தத் தட்டின் மேல் இறங்கும். பின்னால் பந்தில் மாட்டும் சாதாரண ட்ரெய்லரில் சுமார் 10 சதவீதம்தான்.

ஓர் உதாரணம். கெப்பின் மொத்த நிறை எல்லை 3,000 கிலோ, டேங்க் நிறைய டீசலோடு வெறும் வண்டி 2,050. மிச்சம் 950. ஐந்து பேருக்கு 375, கனொப்பிக்கும் (பின் தொட்டியின் மூடி) சாமான்களுக்கும் 100, தட்டுக்கும் அதன் சட்டத்துக்கும் 80 கழித்தால் 395 கிலோ கையில் நிற்கும். 2,500 கிலோ ட்ரெய்லர் 20 சதவீதத்தில் 500 கிலோவை இறக்கும். 105 கிலோ கூடிவிட்டது. இந்த வண்டிக்கு, பொருட்கள் ஏற்றிய பின் 1,900 கிலோ தாண்டாத ட்ரெய்லர்தான் சரி.

அடுத்தது கூட்டு நிறை எல்லை, அதாவது கெப்பும் ட்ரெய்லரும் சேர்ந்த நிறைக்கான எல்லை. அது 5,850 கிலோ என்றால், 3,000 கிலோவுக்கு நிரப்பிய கெப் 2,850 கிலோவை மட்டுமே இழுக்கலாம். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். பெரும்பாலான டபுள் கெப்களுக்கு அப்போது எல்லை 750 கிலோ. கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் சூடேறி மிதி உள்ளே போகும்போது அந்த எண்ணின் அர்த்தம் புரியும்; அதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள்.

தட்டு பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் அமைய வேண்டும். டபுள் கெப்பின் தொட்டி சுமார் 1.5 மீற்றர் என்பதால், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒடித்துத் திருப்பும்போது ட்ரெய்லரின் மூக்கு பின் கண்ணாடியில் மோதும். பின்னோக்கி நகரும் தட்டு இதைத் தீர்க்கும், ஆனால் அதன் நிறையையும் 395இலிருந்து கழிக்க வேண்டும். எங்கள் யோசனை, டபுள் கெப்புக்குப் பந்து ட்ரெய்லரே பொருத்தம்.

பந்திலும் கவனம் தேவை. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 3.1 மீற்றர், பந்து பின் அச்சிலிருந்து 1.2 மீற்றர் பின்னால் என்றால், பந்தின் மேல் இறங்கும் 250 கிலோ மூக்குப் பாரம் பின் அச்சில் 347 கிலோவாக ஏறி, முன் சில்லுகளிலிருந்து 97 கிலோவைத் தூக்கிவிடும். மழையில் ஸ்டியரிங் லேசாவது இதனால்தான். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டு வண்டியை நிமிர்த்தினால் உயரம் சரியாகும், அச்சின் எல்லை கூடாது.

வாங்குமுன் வே பிரிட்ஜில் நிறுத்துப் பாருங்கள். முதலில் ஆட்களோடும் சாமான்களோடும் கெப் மட்டும். பிறகு ட்ரெய்லரை மாட்டி, அதன் சில்லுகளை மேடைக்கு வெளியே சமதரையில் விட்டு, கெப்பை மட்டும் நிறுங்கள். கூடியதுதான் மூக்குப் பாரம். கடைசியாக இரண்டையும் சேர்த்து ஏற்றுங்கள். மூன்று எண்களையும் கதவுத் தூணில் உள்ள தகட்டோடும் கையேட்டோடும் ஒப்பிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியானால், வேறு நாட்டு மொடலின் எண்ணை இணையத்தில் எடுக்காமல், சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.